வருங்கால வக்கீலம்மா

சட்டக் கல்லூரியில் பெயர் பதிந்துவிட்டு ரோவேனா வீடு திரும்பியபோது, அவளுக்கு முன்பே அவள் முகம் தெருமுனைக்கு வந்து சேர்ந்திருந்தது. எட்டடிக்கு நாலடி பிளெக்ஸ். ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் இருந்த போட்டோவை ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்கு மட்டுமே ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்தது. 'வருங்கால வக்கீல் ரோவேனா மொன்சாலேவுக்கு கடற்கரைத் தெருவின் வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. அதில் 'வருங்கால' என்ற சொல்லைப் படிக்க ஏணி வேண்டும். 'வக்கீல்' என்ற சொல்லைக் கடலில் போகிற படகிலிருந்தே படிக்கலாம்.

"ஏம்ப்பா, என்ன வேல இது?" என்றாள்.

"பிரிண்ட் போடுறவன் இடம் பத்தலன்னான், இண்டாய். எதையாவது சின்னதாக்குங்கன்னான். உன் பேரச் சின்னதாக்க முடியுமா? வக்கீலச் சின்னதாக்க முடியுமா? நீயே சொல்லு."

இண்டாய் என்பது எங்கள் ஊரில் பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுவது. அவள் அப்பா அனிசெட்டோ முப்பது வருஷம் வாடகை ட்ரைசைக்கிள் ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, தெருமுனையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் மகளைப் பற்றிப் பேசுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பிளெக்ஸ் வைக்கப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கப்பலில் வேலை கிடைத்தால் பிளெக்ஸ், நர்ஸ் பரீட்சையில் தேறினால் பிளெக்ஸ், பிள்ளை எண்கணிதப் போட்டியில் மூன்றாவதாக வந்தால்கூட பிளெக்ஸ். ஆனாலும் தேறிய பிறகுதான் வைப்பார்கள். சேர்ந்த அன்றைக்கே வைத்த மனிதர் இலோய்லோ ஊர் முழுக்கத் தேடினாலும் அனிசெட்டோ ஒருவராகத்தான் இருப்பார்.

அன்று முதல் ரோவேனாவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரொட்டிக்கடையில் "வக்கீலம்மாவுக்குச் சூடா நாலு குடு." ஜீப்னியில் "வக்கீலம்மா உட்காரட்டும், கொஞ்சம் தள்ளுப்பா." முதல் வாரம் சிரித்து மழுப்பினாள். இரண்டாவது வாரம் தெருவுக்குப் பின்பக்கமாக, கருவாடு காயவைக்கும் மணல் வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலை. சட்டத்துக்கும் அவளுக்கும் இருந்த உறவு ஒரே ஒரு நாள் உறவுதான். ஒரு விபத்து வழக்கில், ஓட்டுநர் குடித்திருந்தாரா என்று அவள் செய்த பரிசோதனையைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு வந்த ஆள், "ஆமா, இல்லன்னு மட்டும் பதில் சொல்லுங்க" என்றே அரைமணி நேரம் அவளைக் கட்டிப்போட்டான். கேள்விகள் எல்லாம் அரைகுறை. குப்பியை யார் யாரிடம் கொடுத்தார்கள் என்பதுகூட அவனுக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது, 'இந்த மடையன் செய்கிற வேலையை என்னால் செய்ய முடியாதா?' என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே நுழைவுத் தேர்வு எழுதி, அந்தக் கோபத்திலேயே தேறிவிட்டாள். கோபம் நுழைவுத் தேர்வு வரைக்கும்தான் தாங்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வகுப்பு சனிக்கிழமைகளில். முதல் நாளே ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும்: பெயர், போட்டோ, இதற்குமுன் படித்த படிப்பு. ஓய்வுபெற்ற நீதிபதி விலாசிஸ் அந்த அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து ஒன்றை உருவுவார். உருவப்பட்டவர் எழுந்து நிற்க வேண்டும். கேள்விக்குப் பதில் தெரிந்தால் உட்காரலாம். தெரியாவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சில நாள் வகுப்பு முடியும்போது பாதிப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள், சவப்பெட்டியைச் சுற்றி நிற்கிற மாதிரி.

முதல் நாள் அவள் அட்டையைப் பார்த்ததும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ் மொன்சாலே. இத்தன நாள் சிறுநீர் பாத்துக்கிட்டிருந்தீங்க. இப்ப சட்டம் பாக்க வந்திருக்கீங்க."

"ரத்தமும் பாப்பேன், சார்."

வகுப்பு சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அவளை நிற்கவைத்தார்.

மற்றவர்கள் அரசியல் படித்தவர்கள், சட்ட நிர்வாகம் என்று ஒன்றைப் படித்தவர்கள், அப்பா நீதிபதி, சித்தி வக்கீல் என்று வந்தவர்கள். அவள் அகராதியில் தேடிக்கொண்டிருந்த சொற்களை அவர்கள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலி பியாங்காவுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல பெண்தான். ஆனால் அவளுடைய இரக்கத்தைவிட நீதிபதியின் கிண்டலே மேல்.

"அக்கா, உங்களுக்கு அடிப்படை இல்லல்ல, அதான் கஷ்டமா இருக்கு," என்பாள், உச்சுக்கொட்டிக்கொண்டு. "நாங்கல்லாம் நாலு வருஷமா இதத்தானே படிச்சோம்."

அடிப்படை. இந்த ஒரு சொல் ரோவேனாவின் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. ஒரு வழக்கை நாலு முறை படிப்பாள். என்ன நடந்தது என்பது புரியும். யார் ஜெயித்தார்கள் என்பதும் புரியும். ஏன் என்பது மட்டும் புரியாது. லேபில் அவளுக்கு இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. அங்கே தெரியாததைத் தெரியாது என்று எழுதி, மறு மாதிரி கேட்கலாம்.

செப்டம்பர் ஏழாம் தேதி, புதன்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது தீர்சோ அண்ணன் வாசலில் நின்றார். கருவாடு போட்டு விற்கிறவர். அறுபதை நெருங்கும் வயது. மனைவி செத்த பிறகு தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் படகேறிக் குயிமராஸ் தீவுக்குப் போவார். அங்கே ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு மீன் வாங்கித் திரிந்துவிட்டு செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். கையில் ஒரு காகிதக் கவர் வைத்திருந்தார்.

"வக்கீலம்மா, இதக் கொஞ்சம் பாரு. போன சனிக்கிழம காலைல கோர்ட்டு ஆள் வந்து குடுத்துட்டுப் போனான். நான் மீன் டப்பெல்லாம் கழுவிக்கிட்டிருந்த அவசரத்துல கையெழுத்தப் போட்டு வாங்கி வச்சிட்டேன். இங்கிலீசு. எனக்கு எங்க தெரியுது?"

அது சம்மன். தெருவின் கடைசித் துண்டு நிலத்தை வாங்கிவிட்டதாகச் சொல்லும் ஒரு குடோன்காரர், தீர்சோ அதைக் காலிசெய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். பதில் மனு கொடுக்க முப்பது நாள். கொடுக்காவிட்டால், மனுவில் சொன்னதை வைத்தே தீர்ப்பு. இவ்வளவும் ரோவேனாவுக்குப் புரிந்தது. பதில் மனு என்றால் என்ன, அதை யார் எழுதுவது, எங்கே கொடுப்பது, இது எதுவும் தெரியவில்லை.

லேப் பழக்கம் கைவிடாது. யோசிக்காமலேயே பேனாவை எடுத்து, காகிதத்தின் மேல் மூலையில் எழுதினாள்: 'அவர் கைக்கு வந்தது செப். 3, காலை. என் கைக்கு வந்தது செப். 7, காலை 6.40. ரோ.மொ.' ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ரத்தக் குப்பியிலும் எழுதுகிற இரண்டு நேரங்கள், எடுத்த நேரம், வந்து சேர்ந்த நேரம்.

தீர்சோவுக்கு அதைப் பார்த்ததே பாதி வழக்கு ஜெயித்த மாதிரி ஆகிவிட்டது. "பாத்தியா அனிசெட்டோ, வாங்கின ஒடனே எழுதுறா."

'எனக்குத் தெரியாது அண்ணே' என்று அவள் வாயைத் திறந்தாள். பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். பனியனோடு, நெஞ்சை நிமிர்த்தி, பிளெக்ஸ் வைத்த அன்று நின்ற அதே நிலையில்.

"நீ போ தீர்சோ, அவ பாத்துக்குவா," என்றார் அனிசெட்டோ.

தீர்சோ அவள் முகத்தைப் பார்த்தார். "பாத்துக்கறேன் அண்ணே," என்றாள் ரோவேனா.

அந்த நிமிஷம் அவளுக்கே தெரியும், தவறு அப்பாவுடையது இல்லை என்று. அப்பா சொன்னது பெருமை. அவள் சொன்னது பொய்.

அந்த வாரம் கல்லூரிக்குப் பையில் அந்தக் கவரோடு போனாள். நீதிபதியின் அறை வாசலில் கால்மணி நேரம் நின்றாள். உள்ளே அவர் யாரையோ தொலைபேசியில் திட்டிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டாள். பியாங்காவிடம், யாரோ தெரிந்தவருக்கு என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"காலி பண்ணச் சொல்ற கேஸா? ஐயோ அக்கா, அதெல்லாம் மூணாவது வருஷப் பாடம். இப்பவே எதுக்கு மண்டையப் போட்டுக் குழப்பிக்கிறீங்க?"

கவர் சிவில் சட்டப் புத்தகத்துக்குள் போயிற்று. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் என்றாள். இதற்கிடையில் புதன்கிழமைதோறும் காலையில் வாசல் கதவில் ஒரு கட்டுக் கருவாடு தொங்கியது. தீர்சோவின் தங்கை மகன், இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று வந்தானாம். "எங்க தெருவுலயே வக்கீல் இருக்கும்போது நான் எதுக்குடா கியூவுல நிக்கணும்?" என்று அவனை விரட்டிவிட்டாராம். அனிசெட்டோ இதை அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவள் அந்தக் கருவாட்டைத் தின்னவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. அலமாரிக்கு மேலே மூணு கட்டு சேர்ந்து வீடு முழுக்க அவள் குற்றம் நாறியது.

கடைசியில் அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. படிப்பை விட்டுவிடுவது. படிப்பை விட்டுவிட்டால் அவள் வக்கீலம்மா இல்லை. வக்கீலம்மா இல்லையென்றால் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கோழைத்தனமான கணக்குதான். ஆனால் மூச்சு முட்டுகிறவளுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? விலகல் படிவத்தை வாங்கி, நிரப்பி, கையெழுத்திட்டு, அதே புத்தகத்துக்குள் சம்மனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் முதல் தேதி, சனிக்கிழமை. பதிவாளர் அலுவலகம் நாலு மணிக்கு மூடும். விலாசிஸின் வகுப்பு மூன்றரைக்கு முடியும். பக்கத்துக் கட்டடம்தான்.

அந்தச் சனிக்கிழமை நீதிபதி உருவிய இரண்டாவது அட்டை அவளுடையது.

"மிஸ் மொன்சாலே. சிவில் சட்டம், மூணாவது பிரிவு."

அது முதல் வாரப் பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். "சட்டம் தெரியாதுங்கறது, அத மீறினதுக்கு யாருக்கும் சாக்கு ஆகாது, சார்."

"யாருக்கும்னா?"

"எல்லாருக்கும், சார்."

"மலைமேல இருக்கான் ஒருத்தன். பள்ளிக்கூடமே போனதில்ல. சட்டம் எழுதின பாஷையே அவனுக்குத் தெரியாது. அவனுக்கு?"

இது அவர் வருஷாவருஷம் கேட்கிற கேள்வி என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். சாக்கு ஆகாது சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ரோவேனாவின் கண்முன் மலைக்காரன் இல்லை, கருவாட்டு வாசனையோடு ஒரு ஆள் வாசலில் கவரை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பதில் இல்லையா? நில்லுங்க."

நின்றாள். அடுத்த அட்டை, அதற்கடுத்த அட்டை. பியாங்கா எழுந்து சரியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருப்பவளுக்கு வேறு வேலை இல்லை. கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்தாள். உள்ளே சம்மன், அதன் மூலையில் அவள் கையெழுத்து. செப். 3, காலை. மனதுக்குள் விரல்விட்டு எண்ணினாள். இத்தனை நாளும் 'முப்பது நாள்' என்பதை ஏதோ பெரிய காலம் போல வைத்திருந்தாளே தவிர, எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ணினால் பயமாக இருக்கும் என்றுதான் எண்ணவில்லை. இன்று இருபத்தெட்டு. நாளை ஞாயிறு. திங்கட்கிழமை முப்பது.

மணி மூன்று பத்து. தீர்சோ இன்று படகேறுவார். செவ்வாய்க்கிழமைதான் வருவார். அவருடைய கைபேசி கடலில் விழுந்து இரண்டு மாதம். பதில் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். செவ்வாய்க்கிழமை வந்து இறங்கும்போது கோர்ட்டில் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தைகூட மிச்சமிருக்காது.

ரோவேனா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நின்றுகொண்டிருந்தவள் நடந்தாள். விலாசிஸ் வகுப்பில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, நடந்து வெளியே போனவர்கள் கிடையாது.

"மிஸ் மொன்சாலே!" என்றது பின்னாலிருந்து குரல். "உங்கள யாரும் உட்காரச் சொல்லல. அடுத்த சனிக்கிழம வந்து, விட்ட எடத்துலருந்து நில்லுங்க."

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"என்ன இண்டாய், வகுப்பு நேரத்துல?"

"அப்பா, தீர்சோ அண்ணன் அங்க இருக்காரா? போகவிடாதீங்க, பிடிச்சு வைங்க."

"அவன் இப்பத்தானே டப்பெல்லாம் ஏத்திக்கிட்டு ஓர்ட்டிஸ் துறைக்குப் போனான். நாலு மணிப் படகு. ஏன், கேசு என்னாச்சு? ஜெயிச்சாச்சா?"

கீழே வந்தபோது பதிவாளர் அலுவலக வாசலில் வரிசை தெரிந்தது. பதினைந்து பேர் இருக்கலாம், எல்லோர் கையிலும் அதே மஞ்சள் படிவம். அவளைப் போலவே பதினைந்து பேர். ஒரு நொடி கால் அந்தப் பக்கம் திரும்பியது. முப்பது நிமிஷம் நின்றால் விடுதலை. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. தீர்சோகூட என்ன சொல்வார்? அவர்தான் படிக்கத் தெரியாமல் வாங்கி வைத்தவர். அப்படி ஒரு நினைப்பு தனக்குள் எழுந்ததில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கேட்டைத் தாண்டி ஓடி, போகிற ஜீப்னியில் தொற்றிக்கொண்டாள்.

துறையில் படகு நிறைந்துவிட்டிருந்தது. தீர்சோ தன் காலி டப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"தீர்சோ அண்ணே! எறங்குங்க!"

"அடடே, வக்கீலம்மா!" என்று அவர் சுற்றியிருந்தவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். "நம்ம கேசப் பாக்குறது இவங்கதான்."

"அண்ணே, நான் உங்க கேச ஒண்ணுமே பண்ணல."

"என்னது?"

"பண்ணத் தெரியல. நான் வக்கீல் இல்ல. சேந்து ரெண்டு மாசந்தான் ஆகுது. எனக்கு ஒரு எழவும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்க காகிதத்தப் புத்தகத்துக்குள்ள வச்சிட்டுத் திரிஞ்சேன். திங்கக்கிழம கடைசி நாள். அன்னிக்குப் பதில் குடுக்கலன்னா வீடு போயிரும்."

படகில் இருந்த அத்தனை பேரும் தீர்சோவைத் திரும்பிப் பார்த்தார்கள். தீர்சோ மெதுவாக எழுந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"இருபத்தி நாலு நாளு," என்றார். "இருபத்தி நாலு நாளா நான் நிம்மதியாத் தூங்கினேன். நீ தூங்கினியா?"

"இல்லண்ணே."

"ரெண்டு பேருல ஒருத்தன் தூங்கினா போதும்னு நெனச்சியாக்கும்."

"யோவ், வர்றியா இல்லையா?" என்றான் படகுக்காரன்.

தீர்சோ டப்புகளைத் தூக்கிக் கரையில் எறிந்தார். ஒவ்வொன்றாக எறிந்தார், தேவைக்கு அதிகமான வேகத்தோடு. கடைசி டப்பு உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. அவள் அதை எடுத்துக்கொண்டாள். துறைக் கடிகாரத்தில் மணி நாலு. பையில் மஞ்சள் படிவம் இருந்தது. இனி அது வெறும் காகிதம்.

வீட்டில் அப்பாவிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அனிசெட்டோ சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க முன்னாடி நின்னுக்கிட்டிருந்தீங்கப்பா."

அவர் பிசைவதை நிறுத்தினார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. சாயங்காலம் அவள்தான் பேசினாள். "அந்த பிளெக்ஸ மட்டும் கழட்டிருங்கப்பா. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்." அவர் "ம்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே ரோவேனாவும் தீர்சோவும் இலவச சட்ட உதவி அலுவலக வரிசையில் நின்றார்கள். லேபில் விடுப்புச் சொல்லியிருந்தாள். தீர்சோ அவளோடு பேசவில்லை, ஆனால் கையில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வக்கீல் ஒரு பெண்மணி. அவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சம்மனை வாங்கியதும் மூலையைப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான், மேடம்."

"நல்லதாப் போச்சு. பாதிப் பேருக்கு என்னிக்கு வந்துச்சுன்னே தெரியாது, அதக் கண்டுபிடிக்கவே அரைநாள் ஆகும்." அவர் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. "ஏழாம் தேதி உங்க கைக்கு வந்திருக்கு. இன்னிக்குத் தேதி மூணு. நடுவுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு ஆமா, இல்லை என்று பதில் கிடையாது.

"பயந்துக்கிட்டிருந்தேன்."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "சட்டம் படிக்கிறீங்களா? மொத வருஷம்?"

"ஆமா. விலாசிஸ் சார் வகுப்பு. விட்டுடலாம்னு இருக்கேன்."

"விலக சனிக்கிழமையோட தேதி முடிஞ்சிருச்சே," என்றார் அவர், தட்டச்சு செய்ய ஆரம்பித்தபடி. "நானும் அங்கதான் படிச்சேன். நான் அக்கவுண்ட்ஸ் முடிச்சிட்டு வந்தவ. அவர் என்னை ஒரு பருவம் பூரா நிக்க வச்சாரு. சரி, இவருக்கு நிலத்துக்காரங்க எழுதிக் குடுத்தது ஏதாவது இருக்கா? நீங்களே கேட்டுச் சொல்லுங்க, உங்ககிட்டதான் அவர் வாயத் திறப்பாரு போல."

அப்படி ஒன்றும் தீர்சோ வாயைத் திறக்கவில்லை. அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பதில் சொன்னார். பழைய நிலத்துக்காரரின் மனைவி இருபத்தாறு வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்த காகிதம் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதைக் காட்டச் சொல்லி யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. ரோவேனாவும் கேட்டதில்லை.

நாலு இருபதுக்கு நீதிமன்ற ஜன்னலில் பதில் மனுவைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு முத்திரையை எடுத்து மேல் மூலையில் ஓங்கிக் குத்தினார். வந்து சேர்ந்த தேதி. அதற்குக் கீழே பேனாவால் நேரம். ரோவேனா அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு மாதத்தில் சட்டத்தில் அவளுக்கு முழுதாகப் புரிந்த முதல் விஷயம் அது.

வீடு தப்புமா? அது இனிமேல்தான் தெரியும். தீர்சோவுக்குப் பேச ஒரு வாய் மட்டும் தப்பியது. ஜீப்னியில் வரும்போது அவர் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

"கருவாடு தின்னியா?"

"இல்லண்ணே."

"இன்னிக்குத் தின்னு. இல்லன்னா புழு வச்சிரும்."

தெருமுனையில் இறங்கியபோது ஏணி நின்றது. அனிசெட்டோ அதன் உச்சியில், முதுகுவலியெல்லாம் மறந்துபோய், கையில் பெயிண்ட் டப்பாவோடு இருந்தார். பிளெக்ஸ் கழற்றப்படவில்லை. அதன் குறுக்கே, அவள் நெற்றியையும் ஒரு கண்ணையும் மறைத்துக்கொண்டு, படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில், 'வக்கீல்' என்ற சொல்லைவிட இரண்டு மடங்கு பெரிதாக 'வருங்கால' என்று எழுதியிருந்தார். பெயிண்ட் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"கழட்டினா நீ தோத்துட்டன்னு நெனப்பாங்க, இண்டாய்," என்றார் மேலிருந்தே. "பொய்யும் இருக்கக்கூடாது. இப்ப சரியாப் போச்சா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்த பிளெக்ஸ் பொய்யாக இருந்தவரைக்கும் என்றைக்காவது ஒரு நாள் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அப்பா அதை உண்மையாக்கிவிட்டார். இனி அதைக் கிழிக்க அவளால் முடியாது. வருகிற சனிக்கிழமை போய், விட்ட இடத்திலிருந்து நிற்க வேண்டும்.

ஏணிக்குக் கீழே மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைப் படகில் நடந்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கூட்டத்தில் முன்னால் நின்றவள் பலசரக்குக் கடை கிளாரிட்டா. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா," என்றாள் ரோவேனா, அவள் வாயைத் திறப்பதற்குள்.

"தெரியும், தெரியும்," என்றாள் கிளாரிட்டா.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாதுதான்," என்றார் தீர்சோ பின்னாலிருந்து. "எங்க போய் நிக்கணும்னு மட்டும் இப்பத் தெரியும். குடு."

ரோவேனா காகிதத்தை வாங்கிப் பிரித்தாள். மேலே அதே நீதிமன்றத்தின் பெயர். கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவை எடுத்தது. மூலையில் இன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதினாள். மேல் வரியைக் காலியாக விட்டிருந்தாள்.

"அக்கா, இது உங்க கைக்கு என்னிக்கு வந்துச்சு?"

"அதுவா? ரெண்டு மாசம் இருக்கும். இந்த போர்டு வச்ச அதே வாரம்," என்றாள் கிளாரிட்டா. "நீ படிச்சு முடிக்கட்டும்னுதான் அரிசி டின்னுக்குள்ள பத்திரமா வச்சிருந்தேன், வக்கீலம்மா."